சலிப்பும் அதனை வெல்லும் வழியும்
(உறுப்பினர் கல்விப் பாடம்)

மனிதன் ஒன்றை நாடுகிறான். அது கைகூடுமுன் ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது. அப்போது நெஞ்சில் எழும் கொதிப்பையும் தளர்ச்சியையும் சேர்த்தே நாம் சலிப்பு என்கிறோம். ஒன்றையும் நாடாதவனுக்குச் சலிப்பு இல்லை. ஆகவே சலிப்படைவது இழிவன்று. உழைப்பவர் உள்ளத்தில் அது தோன்றுதல் இயல்பே. தோன்றிய பின் அதனை என்ன செய்கிறோம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

கூட்டுறவு ஏட்டில் இதற்கு இடம் ஏன் என்று சிலர் வினவலாம். சங்கங்களை ஆய்வு செய்யும்போது, தறிகள் நின்று போனதற்குப் பணமுடை ஒரு காரணமாக இருக்க, உறுப்பினர் மனம் வெறுத்துப் போனது மற்றொரு காரணமாக இருப்பதை நாம் காண்கிறோம். கூலி தாமதப்பட்டதால் சலித்த நெசவாளர், சங்க நூலில் நெய்த சேலையை வெளியாரிடம் விற்றுவிடுகிறார். அன்றைக்குக் கையில் ரொக்கம் வருகிறது. ஆனால் நூல் பாக்கி அவர் பெயரில் ஏறி நிற்கிறது. அடுத்த பாவு கிடைப்பதில்லை. சங்கத்திற்கோ விற்கச் சரக்கில்லை. சரக்கில்லாத சங்கம் பிறருக்கும் கூலி கொடுக்க இயலாது. இவ்வாறு ஒருவருடைய ஒருநாள் சலிப்பு, பலர் வீட்டு அடுப்பைத் தொடுகிறது.

1. தடைகள் மூவகை

முதல் வகை இயற்கையால் வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட வெயில் இராது. இதற்கு எவரையும் நோவதற்கில்லை. இரண்டாவது வகை பிறராலும் விதிகளாலும் வருவது. நூல் வரத்துத் தாமதம், கூலிப் பாக்கி, துணி தரக்குறைவென்று தள்ளப்படுதல் ஆகியன இவ்வகையின. மூன்றாவது வகை நம்மிடமே உள்ளது. திறமைக் குறைவு ஒன்று. ஒரே நேரத்தில் இரு விருப்பங்கள் மோதுவது மற்றொன்று. சங்கத்திலும் நிலைக்க வேண்டும், இன்றே ரொக்கமும் வேண்டும் என்பவர் மனம் இத்தகைய மோதலில் உழல்கிறது.

ஒரே துன்பத்தில் மூன்றும் கலந்திருப்பதே பெரும்பாலும் வழக்கம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மேல் உள்ளதென்று ஒருவருடைய நெல் நிறுத்தி வைக்கப்படுவதாகக் கொள்வோம். ஈரம் மழையால் வந்தது. 17 என்னும் வரம்பு விதியால் வந்தது. அறுத்த நெல்லைக் களத்தில் கிளறிக் காயவிடாமல் கொண்டு வந்திருப்பின், அது நம்மால் வந்தது. முதலாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைக் குறித்து ஒன்றுகூடி விண்ணப்பிக்கலாம். மழை மிகுந்த பருவங்களில் இவ்வரம்பு தளர்த்தப்பட்டதும் உண்டு. மூன்றாவதை அன்றே திருத்தலாம். இவ்வாறு பிரித்துப் பார்க்காதவர் மழைக்காக எழுத்தரை ஏசுவார். எழுத்தரின் தவற்றுக்காகத் தம் விதியை நோவார்.

2. சலிப்பு செய்யும் வேலை

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாலர்ட், மில்லர் முதலிய ஐவர் 1939-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். நாடியது தடைப்படுவதே தாக்கும் எண்ணத்திற்கு வித்து என்பது அவர்கள் கொள்கை. தடை எப்போதும் தாக்குதலாகவே முடியும் என்பதில்லை. வேறு விளைவுகளும் உண்டு என்று 1941-இல் மில்லரே அதனைத் திருத்தினார். தடை செய்தவரைத் தாக்க இயலாதபோது, அச்சினம் எளியவர்மேல் திரும்புகிறது என்பதை நாம் அன்றாடம் காணலாம். சங்க வாயிலில் எழுந்த கோபம், வீட்டில் தார் சுற்றும் மனைவிமீதும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைமீதும், ஏரில் பூட்டிய மாட்டின்மீதும் இறங்குகிறது. அவர்கள் செய்த குற்றம் யாது?

கோபத்தைக் கொட்டிவிட்டால் மனம் ஆறிவிடும் என்பார் உளர். 2002-இல் புஷ்மன் என்னும் அறிஞர் இதனைச் சோதித்தார். தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே மணல்மூட்டை போன்றதொரு பையைக் குத்தியவர்களுக்குச் சினம் தணியவில்லை, மிகுந்தது. வெறுமனே அமர்ந்திருந்தவர்களே அவர்களினும் அமைதியாயிருந்தனர்.

மற்றொரு விளைவு செயலறுதல். செலிக்மன், மையர் என்னும் இருவர் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், எம்முயற்சியாலும் தப்ப இயலாத துன்பத்தைப் பட்ட நாய்களுட் பல, பின்னர்த் தப்ப வழியிருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. அவ்விருவரே 2016-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். நெடுந்துன்பத்தில் செயலற்றுப் போவது உயிர்களுக்கு இயல்பாகவே வருவது. தன் செயலால் பயன் விளையும் என்பதே அனுபவத்தால் கற்க வேண்டியது என்றனர். ‘மனுக் கொடுத்து என்ன ஆகப் போகிறது?’ என்று கூறும் உறுப்பினரைச் சோம்பேறி என்று இகழ்தல் தகாது. ஒருமுறையேனும் அவர் மனுவுக்குப் பயன் விளையச் செய்தலே தக்க மருந்து.

வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமும் இடுக்கணழியாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். சினமும் தளர்ச்சியும் வெவ்வேறு நோய்கள் என்பதை நாம் இதனாலும் உணரலாம். இடுக்கணழியாமைக்கு முன்னதாக ஆள்வினையுடைமையை அவர் வைத்ததும் கருதத்தக்கது. முயற்சியே தளர்ச்சிக்கு மருந்து.

3. உறுப்பினர் செய்யத்தக்கவை

(அ) சற்றே நிறுத்துதல். இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முனையைத் தேடி முடிந்த பிறகே நாடாவை ஓட்டுவார். அறுந்ததைக் கவனியாமல் ஓட்டினால் துணியில் பழுது தொடர்ந்து ஓடும். சினம் பொங்கிய வேளையில் சங்கத்திலிருந்து விலகும் முடிவையும், கடன் வாங்கும் முடிவையும் எடுத்தலாகாது. ஓர் இரவு கழியட்டும்.

(ஆ) துன்பத்தை அளந்து சொல்லுதல். ‘எல்லாம் பாழ்’ என்பதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ‘புரட்டாசிக் கூலி 12 நாள் தாமதம்’ என்றால், கேட்க வேண்டியது இன்னதென்று புலப்படும்.

(இ) எழுத்தில் வைத்தல். நாள், துணியின் அளவு, வரவேண்டிய தொகை ஆகியவற்றைக் குறித்து மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குக. நிர்வாகத்திடம் தீராவிடில் பொதுப் பேரவையில் எழுப்புக. சங்கத்திற்கும் உறுப்பினருக்கும் இடையே எழும் தாவாவைப் பதிவாளர் முன் கொண்டு செல்லத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, பிரிவு 90 வழி செய்கிறது. பொறுமை என்பது உரிமையைக் கைவிடுதலன்று.

(ஈ) தடையை முன்னரே எண்ணி மாற்று வேலை வகுத்தல். ‘ஊடை வராவிட்டால், அன்று அச்சையும் விழுதையும் பழுது பார்ப்பேன்’ என்று முன்பே முடிவு செய்தவர், நூல் வாராத நாளிலும் வெறுங்கையோடு அமர்வதில்லை. மாலையில் ஒரு வேலை முடிந்தது என்னும் நிறைவு மறுநாளுக்கு ஊக்கமாகிறது.

4. சங்கத்தின் கடமை

உறுப்பினருக்குப் பொறுமை கற்பிப்பதோடு பாடம் முடிவதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பினும் நெடிதாகத் தோன்றும் என்று 1985-இல் மெய்ஸ்டர் என்பவர் எடுத்துக் காட்டினார். ‘நூல் வரும், வரும்’ என்று கூறும் செயலாளர் ஒவ்வொரு நாளும் புதிய சலிப்பை விளைக்கிறார். ‘வெள்ளிக்கிழமை வரும்; வாராவிடில் காரணம் அன்று மாலை பலகையில் எழுதப்படும்’ என்பவர் அதனைப் பாதியாகக் குறைக்கிறார். துணி தள்ளப்பட்டால் பழுது எங்கே என்பதைத் துணியிலேயே காட்டுதல் வேண்டும். இவற்றிற்குப் பணச்செலவு இல்லை.

வரலாறும் நமக்கு இதனையே கற்பிக்கிறது. இங்கிலாந்தில் 1811 முதல் சில ஆண்டுகள், வாழ்விழந்த தொழிலாளர் தறிகளையும் இயந்திரங்களையும் உடைத்தனர். அவர்கள் குறை மெய்யானதே. ஆயினும் 1812-இல் அச்செயலுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. 1844-இல் அந்நாட்டின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் வறுமையும் கலப்படச் சரக்கும் கண்டு வெறுத்தவர்களே. அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுன் முதலில், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு கடையை டிசம்பர் 21-ஆம் நாள் திறந்தனர். கூட்டுறவு இயக்கம் தன் முன்னோடியாகப் போற்றுவது அக்கடையையே.

5. ஓர் எச்சரிக்கை

உறக்கமும் உணவும் குன்றி, வேலையில் நாட்டமின்றி, இரு வாரங்களுக்கு மேலும் மனம் எழாதிருந்தால் அது வெறும் சலிப்பன்று. மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருமாயின் ஒரு நாழிகையும் தாமதித்தல் கூடாது. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மனாஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம். அண்டைத் தறிக்காரர் சில நாளாகத் தறிக்குழியில் இறங்காதிருந்தால், அவர் வீட்டு வாயிலில் நின்று நலம் விசாரித்தலும் கூட்டுறவே.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

1. கடந்த மாதம் தங்களுக்கு நேர்ந்த ஒரு தடையை மூவகையாகப் பிரித்துக் காட்டுக.
2. தங்கள் சங்கத்தில் நூல், கூலி ஆகியவற்றின் நாள் முன்கூட்டி அறிவிக்கப்படுகிறதா? இல்லையெனில் அதற்கு என்ன செய்யலாம்?
3. சங்கத்தில் எழும் கோபம் வீட்டை எட்டாதிருக்கத் தாங்கள் கைக்கொள்ளும் வழி யாது?