சொல்லிக் காட்டாத சேவை



இயேசுநாதர் தம் சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் காலத்தில் அது வேலைக்காரன் செய்யும் வேலை.

அவ்வழியில் நடந்தவர் கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்ததால், 1687இல் கூலியாள் வேஷத்தில் இலங்கைக்கு வந்தார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டு ஓடினார்கள். அடிகளார் மதபேதம் பார்க்காமல் சாப்பாடு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் அவரைப் புதைத்த இடம் இன்னதென்று காட்ட ஒரு கல்லறை கிடையாது.

நம்ம தெமோதரை லயங்களிலும் இந்தச் சேவைக்கு இடமுண்டு. காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வைக்கலாம். அடைத்துக் கிடக்கும் கானைத் துப்புரவாக்கலாம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டிக்குத் துணை போகலாம். ஆனா, செய்ததைச் சொல்லிக் காட்டாதீங்க. சொல்லிக் காட்டினால் உதவி வாங்கினவர் நாலு பேர் முன்னால தலைகுனிய வேண்டி வரும். மறைவாகச் செய்தால் அவர் மானமும் காப்பாற்றப்படும்.

உங்க லயத்தில் சத்தமில்லாமல் இப்படிச் செய்கிறவர் யாரென்று பாருங்க. இந்த வாரம் அவருக்கு நீங்களும் ஒரு கை கொடுங்க.