தண்டப் புள்ளி தானாகப் போய்ச் சேராது

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காத்து நிற்கும் பெற்றோரிடையிலும், ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நடக்கும் கலியாண வீடுகளின் பந்தி வரிசையிலும், ஒரே பேச்சு பல வருஷங்களாக என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. வேகக் கமெராவில் அகப்பட்டு அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளிகள் ஏறிவிட்டனவே என்று ஒருவர் கவலையோடு சொல்லுவார், பக்கத்தில் நிற்பவர், அவர் மனத்தை ஆற்றவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான், "அதுக்கேன் தம்பி யோசிக்கிறாய்? ஸ்வான்ஸியிலை பொயின்ற்ஸ் ஏத்தின உடனை கொம்பியூற்றரிலை இன்சூரன்ஸ்காரனுக்குத் தானாப் போயிடும், நாங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்பார். கேட்டவர் நிம்மதியோடு வீடு திரும்புவார். அந்த நிம்மதிக்கு அவர் பின்னாளில் கொடுக்கும் விலை என்னவென்பதை, பிரித்தானியக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பகுதியில் இருபத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் நான் அறிவேன். ஆகையால் இந்தப் பேச்சை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

தானாகப் போகாது. ஸ்வான்ஸியிலுள்ள சாரதி, வாகன அனுமதி நிலையம் உங்கள் புள்ளிகளைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். அவ்வளவே அதன் காரியம். உங்கள் காப்புறுதி நிறுவனம் எது என்று தேடிப் பிடித்து, இன்ன தேதியில் இன்னாருக்கு மூன்று புள்ளிகள் ஏறின என்று அறிவிக்கும் வழக்கம் அதற்கு இல்லை. இருப்பது வேறொன்று. 2014ஆம் ஆண்டு தொடங்கிய 'மைலைசென்ஸ்' என்னும் ஏற்பாட்டின் மூலம், புதிய காப்புறுதிக்கு விலை கேட்கும்போதோ புதுப்பிக்கும்போதோ அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொடுத்தவருடைய குற்றப் பதிவை நிறுவனம் தானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எல்லா நிறுவனங்களும் எல்லா வேளைகளிலும் பார்ப்பதில்லை. இலக்கத்தைக் கொடுப்பதும் பல இடங்களில் நம் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதனால் அடுப்படியிலிருக்கும் குடம் நிறைந்துவிடுமா? யாராவது போய் அள்ளவேண்டும். அள்ளுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை, அள்ளிவிட்டார்கள் என்று நாம் எடுத்துக்கொள்வதே இந்த வதந்தியின் மூலம்.

2015ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதியோடு, அனுமதி அட்டையுடன் கூட வைத்திருந்த பச்சை நிறக் காகிதப் பிரதி ஒழிக்கப்பட்டதும் இந்த மயக்கத்துக்கு உரமிட்டிருக்கவேண்டும் என்பது என் ஊகம். அதற்கு முன்னர் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும்படி காகிதத்தில் அச்சாகி வந்தன. எடுத்துக் காட்டவேண்டிய பொருளாகக் கையில் இருந்தன. இன்று கையில் ஒன்றுமில்லை, எல்லாம் எங்கோ கணினிக்குள் இருக்கின்றன. ஆகவே எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று மனம் தானே முடிவுகட்டிக்கொள்கிறது.

நிறுவனத்தார் எப்போதுதான் பதிவைப் பார்ப்பார்கள் என்று கேட்டால், தவறாமல் பார்க்கும் ஒரு வேளை உண்டு. அது நீங்கள் இழப்பீடு கேட்டு வரும் வேளை. விபத்து நேர்ந்து கோரிக்கை பதிவானதும், அனுமதிப்பத்திரத் தளத்தில் நுழைந்து ஒரு குறியீட்டை எடுத்துத் தரும்படி உங்களிடமே கேட்பார்கள். 21 நாள் செல்லுபடியாகும் அந்தக் குறியீட்டைக் கொண்டு உங்கள் பதிவு முழுவதும், குற்றம் நடந்த தேதி முதலாகத் திறந்து பார்க்கப்படும். பிரீமியம் வாங்கும்போது திறக்கப்படாத ஏடு பணம் கொடுக்கும்போது திறக்கப்படுவது நியாயமா என்று என்னிடம் கோபித்தவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் அந்தக் கோபத்தினால் ஒருவருக்கும் ஒரு பவுண்கூடக் கூடுதலாகக் கிடைத்ததை நான் கண்டதில்லை.

சட்டத்தின் வரலாற்றையும் சற்றே சொல்லவேண்டும். 1766ஆம் ஆண்டில், சுமாத்திராத் தீவிலிருந்த மார்ல்பரோ கோட்டையைப் பற்றிய ஒரு காப்புறுதி வழக்கில், காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பாரும் ஒருவரிடம் ஒருவர் மறைக்காத நல்விசுவாசத்தின்மீது நிற்பது என்று மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பு எழுதினார். அந்தக் கொள்கை 1906ஆம் ஆண்டின் கடற் காப்புறுதிச் சட்டத்தில் கடுமையான உருவம் பெற்று, கேட்கப்படாத விஷயத்தைக்கூட நாமே வலியச் சொல்லவேண்டும், தவறினால் ஒப்பந்தம் அடியோடு இல்லாமற் போகும் என்ற நிலைமையைத் தனிமனிதர் மீதும் சுமத்தி வைத்திருந்தது. 2012ஆம் ஆண்டு நிறைவேறி 2013 ஏப்ரல் 6இல் அமலுக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் அந்தச் சுமையை இறக்கிவிட்டது. இப்போது நம் கடமை, கேட்கும் கேள்விக்குத் தவறான விடை போய்விடாதபடி நியாயமான கவனம் செலுத்துவதே. இதைப் பிடித்துக்கொண்டு, "கேட்டால்தானே சொல்லவேண்டும்" என்று வாதிப்போர் உண்டு. ஆம், ஆனால் வாகனக் காப்புறுதியில் அந்தக் கேள்வியைக் கேட்காத படிவம் எங்கே இருக்கிறது? தெளிவாகவும் குறிப்பாகவும் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அது நிறுவனத்துக்கு முக்கியமான விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது, முன்பு கொடுத்த விவரங்களைச் சரிபார்த்து மாற்றமிருந்தால் அறிவியுங்கள் என்று வரும் கடிதத்துக்கு வாய் திறவாமல் இருப்பதும் தவறான விடையாகவே கொள்ளப்படலாம் என்று அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது.

இந்தக் கடைசி விதியில் சிக்கிய ஒருவரை நான் மறக்கவில்லை. கடை வைத்துப் பிழைத்தவர். அதிகாலை நான்கு மணிக்குச் சரக்கெடுக்கப் போகிற மனிதர். ஒக்டோபரில் மூன்று புள்ளிகள் ஏறின. டிசம்பரில் காப்புறுதி தானாகவே புதுப்பிக்கப்பட்டது. வந்த கடிதத்தை அவர் பிரித்தும் பார்க்கவில்லை. பெப்ரவரியில் கார் களவு போயிற்று. பதிவைத் திறந்து பார்த்தபின் நான் அவரை அழைத்துப் பேசினேன். பேசுகிறவன் தமிழன் என்று அறிந்ததும் அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, "ஐயா, உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் இருந்தனான்" என்றார். அந்தக் குரலில் கபடம் இல்லை. அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை, அசட்டையாக இருந்தார் என்றே நான் குறிப்பு எழுதினேன். அதனால் அவருக்கு ஒரு பகுதியாவது கிடைத்தது.

அந்தப் பகுதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை, விளங்குவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். நீங்கள் கட்டிய பிரீமியம் 600 பவுண். புள்ளிகள் தெரிந்திருந்தால் நிறுவனம் 800 பவுண் கேட்டிருக்கும் என்றால், நீங்கள் கட்டவேண்டியதில் நான்கில் மூன்று பங்குதான் கட்டியிருக்கிறீர்கள். எனவே 8,000 பவுண் நஷ்டத்துக்கு 6,000 பவுண்தான் கிடைக்கும். இருநூறை மிச்சம் பிடித்து இரண்டாயிரத்தை இழப்பது எந்த ஊர்ச் சிக்கனம்? தெரிந்திருந்தால் உங்களைக் காப்புறுதி செய்தே இருக்கமாட்டார்கள் என்று நிரூபணமானால், கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தந்துவிட்டு இழப்பீட்டை முழுவதும் மறுக்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னீர்கள் என்று அவர்கள் நிரூபித்துவிட்டாலோ, ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இல்லையென்றாகி, பிரீமியமும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே நின்றுவிடும். காப்புறுதிச் சான்று பெறுவதற்காகப் பொய் சொல்வதும் முக்கிய விவரத்தை மறைப்பதும் 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி தனிக் குற்றம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, காப்புறுதி வருஷத்தின் நடுவில் புள்ளி ஏறினால் அன்றே சொல்லவேண்டுமா, புதுப்பிக்கும்வரை பொறுக்கலாமா என்ற கேள்வி. இதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு விடை கிடையாது. உங்கள் ஒப்பந்தப் புத்தகமே விடை. நடு வருஷத்தில் புதிய குற்றங்களை அறிவிக்கவேண்டும் என்று பொதுச் சட்டம் கட்டளையிடவில்லை. பல நிறுவனங்கள் ஒப்பந்த நிபந்தனையாக அதைக் கேட்கின்றன. வேறு சில, புதுப்பிக்கும்போது சொன்னால் போதும் என்கின்றன. 'நீங்கள் எங்களுக்கு அறிவிக்கவேண்டிய மாற்றங்கள்' என்ற கருத்தில் ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். பந்தி வரிசையில் நிற்பவருடைய நிறுவனம் என்ன கேட்கிறது என்பது உங்களுக்கு எதற்கு? அவருடைய ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திடவில்லையே!

சொன்னால் பிரீமியம் வானளவு ஏறிவிடும் என்ற பயந்தான் இந்த வதந்தியை உயிரோடு வைத்திருக்கிறது. எஸ்.பி.30 என்ற குறியுடைய சாதாரண வேகக் குற்றம் ஒன்றுக்கு, அதாவது 100 பவுண் தண்டமும் மூன்று புள்ளிகளுமாக முடிந்த ஒன்றுக்கு, ஏறும் தொகை மக்கள் அஞ்சுகிற அளவுக்கு இருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டியதற்கான சி.யு.80 வேறு வகை. 2017 மார்ச் முதல் அதற்கு ஆறு புள்ளிகளும் 200 பவுண் தண்டமும். அதை நிறுவனங்கள் கடுமையாகவே பார்க்கின்றன, பார்க்கவும் வேண்டும்.

மறைத்தது வெளிப்பட்டு நிறுவனம் காப்புறுதியை ரத்துச் செய்தால், துன்பம் அத்தோடு முடிவதில்லை. ரத்துக் கடிதத்தைப் பாராமல் மறுநாள் வண்டியை எடுத்தவர் காப்புறுதியின்றி ஓட்டியவராகிறார். அதற்கு ஆறு புள்ளிகள், 300 பவுண் தண்டம். வாகனத்தைப் பொலிஸார் கைப்பற்றவும் கூடும். முதல் தேர்வில் சித்தியடைந்து இரண்டு வருஷம் நிறையாத புதுச் சாரதிக்கு ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே பறிபோகும். கற்போர் பத்திரத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். மற்றவர்க்கு மூன்று வருஷத்துக்குள் 12 சேர்ந்தால் வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதத் தடை. உங்களுடைய காப்புறுதியை எந்த நிறுவனமாவது ரத்துச் செய்ததுண்டா என்ற கேள்வியோ பின்வரும் படிவங்களில் எல்லாம் உங்களைத் தொடர்ந்து வரும்.

மற்ற நம்பிக்கைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். நான்கு வருஷத்தில் புள்ளி அழிந்துவிடும், பிறகு சொல்லவேண்டாம் என்பார்கள். பதிவேட்டில் அது பெரும்பாலான குற்றங்களுக்கு நான்கு வருஷம் இருப்பது மெய். ஆனால் 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி வயது வந்தோருக்கு அது கழிவதற்கு ஐந்து வருஷம் ஆகும். அதனால்தான் படிவங்கள் ஐந்து வருஷக் கணக்குக் கேட்கின்றன. கேட்டால் ஐந்து வருஷத்துக்கும் சொல்லுங்கள். இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் கோராமைக் கழிவு பாதுகாக்கப்பட்டிருக்கிறதே என்பது அடுத்தது. அது கழிவின் வீதத்தைக் காக்குமேயன்றி, பிரீமியம் ஏறுவதைத் தடுக்காது. பெயர் சேர்க்கப்பட்ட சாரதியாக இருக்கும் மனைவியின் அல்லது மகனின் புள்ளிகளைச் சொல்லவேண்டியதில்லை என்பது முழுத் தவறு. வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போய்வந்தால் புள்ளியும் இல்லை, அது தண்டனையும் அன்று. சில நிறுவனங்கள் அதையும் கேட்கின்றன, கேட்டால் உண்மை சொல்லவேண்டும்.

புள்ளிகளை மனைவியின் பெயரில் அல்லது அம்மாவின் பெயரில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையைச் சொல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். 2003இல் நடந்த ஒரு வேகக் குற்றத்தின் புள்ளிகளைத் தம் மனைவி விக்கி பிரைஸ் ஏற்கும்படி செய்த கிறிஸ் ஹூன், பின்னர் பிரித்தானிய மந்திரிசபையில் அங்கம் வகித்தவர். 2013இல் இருவருக்கும் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நீதியின் போக்கைத் திரித்தல் என்பது அக்குற்றத்தின் பெயர்.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு மனவருத்தம் தரும் வழக்கம் ஒன்றுண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய தகப்பனார்மார் தம் காப்புறுதிப் படிவத்தை மகனிடமோ மருமகனிடமோ கொடுத்து, "மலிவாப் பார்த்து ஒண்டைப் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். மகனுக்குத் தகப்பனுடைய புள்ளி தெரியாது. தகப்பன் பிள்ளையிடம் அதைச் சொல்ல வெட்கப்படுவார். படிவம் 'இல்லை' என்ற விடையோடு போய்விடும். போன பின் நிறுவனம், நீங்கள் இன்னின்ன சொன்னீர்கள் என்று விவரக் கூற்று ஒன்றை அனுப்பும். இரண்டு மூன்று பக்கந்தான். எங்கள் வீட்டில் அது வந்த அன்று மாலை, நானும் மனைவியும் மேசையில் உட்கார்ந்து வரி வரியாக உரத்து வாசிப்போம். விளங்காத சொல்லைப் பிள்ளைகளிடம் கேட்போம். ஊரிலே காணி உறுதி எழுதும்போது நொத்தாரிசு வாசித்துக் காட்டாமல் நாம் கையொப்பம் வைத்தோமா? அந்த ஜாக்கிரதையைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தோடு விட்டுவிட்டு வரவேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை. தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் அன்பர்கள், வருஷத்தில் ஒரு சனிக்கிழமையாவது வாசலில் காத்து நிற்கும் பெற்றோரை உள்ளே அழைத்து, இந்தப் பத்திரங்களை வாசிக்கப் பழக்கினால் அதனினும் பெரிய சமூக சேவை வேறில்லை.

புள்ளி ஏறியிருக்கும் வாசகர்கள் இன்றே ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து, அறிவிக்கவேண்டிய மாற்றங்களைப் பற்றிய அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அறிவிக்கச் சொல்லியிருந்தால் குற்றத்தின் குறி, நடந்த தேதி, புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அறிவித்து, பெற்றுக்கொண்டோம் என்ற ஒப்புதலை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்னேன் என்பதற்கு இழப்பீட்டுப் பகுதியில் சாட்சி இல்லை, எழுத்துக்கு உண்டு.