போர் முடிந்தது, பசி முடியவில்லை

வரலாற்றுப் பாடத்தில் போர் என்றால் எந்த ஆண்டு, யார் ஜெயிச்சா என்று படிக்கிறோம். அதுக்கப்புறம் வீடுகளில் அடுப்பு எரிஞ்சதா என்பது பாடத்தில் இல்லை. அதைச் சொல்லும் இரண்டு படங்களைப் பார்ப்போம்.

பேசாத படம்

1931-ல் 'காளிதாஸ்' வரும்வரை தமிழ்ப்படங்கள் பேசவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஆனால் 1924-ல் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் ஜெர்மனிக்கே போய் எடுத்த 'இஸ்ன்ட் லைஃப் ஒண்டர்ஃபுல்' என்ற பேசாப்படம் இருக்கிறது. போரில் தோற்ற ஜெர்மனியில் 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்கணும்! படத்தில் இங்கா என்ற பெண் கறிக்கடை வரிசையில் நிற்கிறாள். வரிசை நகருவதற்குள் பலகையில் விலை ஏறிக்கொண்டே போகிறது. அவள் முறை வரும்போது காசு பத்தவில்லை. வசனமே வேண்டாம், பலகையும் அவள் முகமும் போதும். பிறகு பாடுபட்டு விளைவித்த உருளைக்கிழங்கையும் வழியில் பறித்துக்கொள்கிறார்கள். பறித்தவர்கள் திருடர்கள் இல்லை, பசித்த தொழிலாளிகள்.

பேசிய படம்

நம் 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. கலைஞர் மு. கருணாநிதி வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். அண்ணன்மார் மூவரும் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள், நிறைய பேர் நடந்தே வந்தார்கள். படத்தில் கப்பல் டிக்கெட் ஒண்ணுதான் கிடைக்கும். தங்கை கல்யாணத்துக்கு ஒரு அண்ணனும் வந்து சேரமுடியாது. ஞானசேகரன் வழியிலேயே ஒரு காலை இழந்துவிடுவார்.

டிவியில் இந்தப் படம் போட்டால் கொஞ்ச நேரம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஞானசேகரனின் கால் ஒன்றே போர் என்ன செய்தது என்று சொல்லிவிடும்.

யோசிக்க வேண்டியது

மதுரையில் ஒரு குண்டுகூட விழவில்லை. ஆனாலும் கணவரும் அப்பாவும் இறந்து, வீடு ஏலத்துக்குப் போய், கைக்குழந்தையோடு கல்யாணி தெருவுக்கு வருகிறாள். குண்டு போட்டது ஜப்பான்காரன்தான். ஆனா அவளை வாசலில் இருந்து விரட்டினது நம்ம ஊர்க்காரங்கதானே! நீதிபதியான அண்ணனே அடையாளம் தெரியாமல் விரட்டிவிடுகிறார். தங்கச்சி என்று தெரிந்தால்தான் இரக்கம் வரணுமா?

முடிவுரை

1983 முதல் இலங்கைப் போரால் நம் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் பலர். அந்தப் போர் 2009-ல் முடிந்தது. முகாம்கள் இன்னும் இருக்கின்றன, 2021 முதல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். அங்கிருந்து ஒரு பிள்ளை நம்ம வகுப்புக்கு வந்தால், "நீ எந்த ஊரு?" என்று நோண்டிக் கேட்பதற்கு முன்னால், "இங்கன உக்காரு, சாப்பிட்டியா?" என்று கேட்போம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி