விக்கிப்பீடியாவை வகுப்பில் என்ன செய்வது?

ஒப்படைப்புகளைத் திருத்தும்போது ஒரே பத்தி ஐந்தாறு நோட்டுகளில் எழுத்து மாறாமல் வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அடியில் ‘ஆதாரம்: விக்கிப்பீடியா’ என்று சிலர் எழுதியிருப்பார்கள், பலர் அதுவும் எழுதுவதில்லை. யாரும் திருத்தக்கூடிய ஒரு தளத்தைப் படிப்புக்குள் விடலாமா என்ற கேள்வியைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நமக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மிடில்பரி கல்லூரியில் ஜப்பான் வரலாறு கற்பித்தவர் நீல் வாட்டர்ஸ். 1637இல் தொடங்கிய ஷிமாபரா கிளர்ச்சிக்கு இயேசு சபைத் துறவியர் உதவினார்கள் என்று மாணவர்கள் பலர் தேர்வில் ஒன்றுபோல் எழுதியிருந்தனர். அந்தக் காலத்தில் ஜப்பானில் அத்துறவியர் தலைமறைவாக இருந்தவர்கள். உதவும் நிலையில் இல்லை. தவறு விக்கிப்பீடியாவிலிருந்து வந்தது. 2007இல் அக்கல்லூரியின் வரலாற்றுத் துறை ஒரு முடிவு எடுத்தது. விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டக் கூடாது. எங்கிருந்து எடுத்தாலும் எழுதியதற்கு மாணவரே பொறுப்பு. இதைப் பலர் ‘தடை’ என்றே சொல்கிறார்கள். படிக்கக் கூடாது என்று துறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பீஸ்லி-மர்ரே வேறு வழியில் போனார். லத்தீன் அமெரிக்க இலக்கியம் படித்த தம் மாணவர்களிடம், பருவக் கட்டுரைக்குப் பதிலாக, விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைகளைச் ‘சிறப்புக் கட்டுரை’ தரத்துக்கு உயர்த்தும் வேலையைக் கொடுத்தார். குவாத்தமாலா எழுத்தாளர் மிகேல் ஆங்கெல் அஸ்துரியாஸின் ‘எல் செஞோர் பிரெசிதெந்தே’ நாவல் பற்றிய கட்டுரை உட்பட மூன்று அந்தத் தரத்தை எட்டின. ‘இந்த வரிக்குச் சான்று எங்கே?’ என்று முன்பின் தெரியாத பங்களிப்பாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாணவர்கள் நூலகத்துக்குப் போய்த் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார்கள். ஆசிரியர் ஒருமுறை படித்து மதிப்பெண் போட்டதும் மூலைக்குப் போகும் கட்டுரையில் இது நடக்காது. (நம் செயல்திட்ட நோட்டுகள் போகும் இடமும் அதுதான்.)

இந்த இரண்டில் எதையும் தள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலாவதை மதிப்பெண் விதியாகவும் இரண்டாவதைப் பயிற்சியாகவும் ஒன்பதாம் வகுப்பில் வைத்திருக்கிறேன். ‘விக்கிப்பீடியா’ என்று ஆதாரம் எழுதினால் அதற்கு மதிப்பெண் இல்லை. அந்த வரியின் முடிவில் உள்ள சிறு எண்ணைத் தொட்டு, ‘மேற்கோள்கள்’ பகுதிக்குப் போய், அங்கே சொல்லப்பட்ட நூலையோ அறிக்கையையோ பார்த்து எழுதினால் உண்டு. ‘சான்று தேவை’ என்ற குறிப்பு இருந்தால் அந்த வரியை எடுக்கக் கூடாது.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் எங்கள் ஊர் பற்றிய தமிழ்க் கட்டுரையைத் திறந்தோம். மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பின்படி இருந்தது. ஒரு மாணவி 2011 கணக்கெடுப்பு எண்ணைத் தேடி எடுத்து, ‘இது தப்பு சார்’ என்றாள். ‘அந்த வருஷத்துக்கு அது சரிதானே?’ என்றான் இன்னொருவன். அந்த வாதம் முழுப் பாடவேளையையும் எடுத்துக்கொண்டது, நான் நிறுத்தவில்லை. எண்ணோடு ஆண்டையும் எழுத வேண்டும் என்பதைப் பாடமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது. பிறகு ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்து, யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று பார்த்தோம். அச்சிட்ட புத்தகம் இதைக் காட்டுவதில்லை.

புதிய எண்ணைச் சான்றுடன் சேர்க்கும் வேலையை மாணவர்களே செய்தார்கள். இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: கணக்குத் தொடங்கினால் மாணவரின் உண்மைப் பெயரோ பள்ளியின் பெயரோ பயனர் பெயராக வேண்டாம். அங்கே செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பெயரோடு எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். தொடக்க வகுப்புகளுக்குக் கணினியே தேவையில்லை. ஒரு செய்தியைப் பாடநூலிலும் நாளிதழிலும் பார்த்து, எங்கே வேறுபடுகிறது என்று கேட்டாலே போதும்.