பிக்கப் வாங்கும் முன்னர்: பின் அச்சின் பல் கணக்கு

ஊருக்குத் திரும்பியபின் கையில் சேரும் முதல் பெரிய தொகையைப் பல குடும்பங்கள் வாகனத்தில் போடுகின்றன. அண்ணன் தம்பி இருவர், அல்லது அயலவர் மூன்று நான்கு பேர் சேர்ந்து, நகையை அடகு வைத்து ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்குவார்கள். நெல், மரக்கறி, மீன், வீடு கட்ட மணல், கல் எல்லாம் அதில்தான் ஏறும். வாங்கும்போது என்ஜின் புகைக்கிறதா, பதிவுப் புத்தகம் சரியா, ரயர் எப்படி என்று பார்க்கிறீர்கள். பின் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கர விகிதத்தை அநேகமாக எவரும் கேட்பதில்லை. வண்டி உங்கள் பாரத்தை இழுக்குமா, அல்லது கிளச்சை எரித்துக்கொண்டு கராஜில் நிற்குமா என்பதில் அந்த விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

விகிதம் என்றால் என்ன?

பிக்கப்பின் அடியில் குனிந்து பாருங்கள். கியர்பொக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டு ஒன்று தெரியும். அது பின் அச்சின் நடுவில் பானைபோலப் பருத்த பகுதிக்குள் நுழைகிறது. அந்தப் பகுதிதான் டிபரன்சல். உள்ளே தண்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம் இருக்கிறது. அது கிறவுண் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிறவுண் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் வரும். ஒன்றில் 41 பல்லும் மற்றதில் 10 பல்லும் என்றால் விகிதம் 4.1. தண்டு 4.1 தடவை சுற்றும்போது சில்லு ஒரு தடவை சுற்றும்.

இடம்பெயர்ந்த காலத்தில் சைக்கிளில் பாரம் கட்டி மிதித்தவர்களுக்கு இது புதிதல்ல. பின் பிறீவீலைப் பெரிதாகப் போட்டால் மிதிக்க இலகு, ஆனால் அதே தூரத்துக்குக் கூடுதலாக மிதிக்க வேண்டும். இங்கும் அப்படியே. எண் கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு என்ஜின் கூடுதலாகச் சுற்றும். கராஜ்களில் எண் கூடியதை "லோ" என்றும் எண் குறைந்ததை "ஹை" என்றும் சொல்வார்கள். இது பலரைக் குழப்பும். ஆகவே பெயரைக் கேட்க வேண்டாம், எண்ணைக் கேளுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ரயரின் சுற்றளவு 2 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடினால் நிமிடத்துக்கு 1000 மீற்றர். சில்லு 500 தடவை சுற்றும். தண்டும் என்ஜினும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரில், விகிதம் 3.6 ஆனால் என்ஜின் நிமிடத்துக்கு 1800 தடவை சுற்றும். 4.1 ஆனால் 2050. 4.9 ஆனால் 2450. மறுபக்கம், 3.6 இலிருந்து 4.1 க்கு மாறினால் இழுவை ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. 4.1 இலிருந்து 4.9 க்கு மாறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது.

எது உங்களுக்குப் பொருந்தும்?

விற்பவர் உங்களை ஏ-9 வீதியில் வெறும் வண்டியோடு கூட்டிப்போவார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு, "பாருங்கோ, டீசலே குடிக்காது" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். பாரமில்லாமல் தார் வீதியில் 3.5 விகித வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் அதே வண்டியில் 1 தொன் நெல்லை ஏற்றி, வயல் வரம்போரத்து ஈரப்பாதையில் நின்ற நிலையிலிருந்து கிளப்புங்கள். கிளச்சைப் பாதி மிதித்து, என்ஜினை இரையவிட்டுத்தான் அசைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கிளச் தட்டுத் தேயும். பாரத்தோடு மேல் கியர் போடவும் முடியாமல் மூன்றாம் கியரிலேயே ஓடினால், மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன டீசலும் போய்விடும்.

ஆகவே உங்கள் வேலையில் மிகக் கடினமான பத்து நிமிடம் எது என்று முதலில் யோசியுங்கள். முல்லைத்தீவுக் கரையில் மீனும் ஐஸும் ஏற்றி மணலிலிருந்து வெளியேற வேண்டியவருக்கும், குளக்கட்டுப் பாதையில் நெல் இழுப்பவருக்கும் எண் கூடியது வேண்டும். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு வாரத்தில் மூன்று தடவை மரக்கறி கொண்டுபோகிறவர் நாளின் பெரும்பகுதியைத் தார் வீதியில் கழிக்கிறார். அவருக்கு 4.9 வீண், சத்தமும் டீசல் செலவுமே மிஞ்சும். டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜினோடு, கிறவல் பாதியும் தார் பாதியுமாக ஓடுகிறவர்களுக்கு 4 க்குச் சற்று மேற்பட்ட விகிதம் பொருந்தும் என்பது எமது அபிப்பிராயம். நாலு சில்லு இழுவையோடு "லோ" கியர்ப் பெட்டியும் உள்ள வண்டியென்றால், மிக மெதுவான வேலையை அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அப்போது அச்சில் பெரிய எண்ணைத் தேடித் திரிய வேண்டியதில்லை.

நீங்களே எண்ணிப் பாருங்கள்

என்ஜின் அறையிலுள்ள தகட்டில் அச்சுக்கான குறியீடு சில வண்டிகளில் இருக்கும். அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைச் சொல்லும். திருத்தி விற்கும் வண்டியில் வேறொன்றின் அச்சு பூட்டப்பட்டிருக்கலாம். அதனால் எண்ணுவதே நம்பகமானது.

தரை மட்டமான, இறுகிய இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். முன் சில்லுகளுக்கு இருபக்கமும் கல் அணை வையுங்கள். ஒரு பின் சில்லை மட்டும் ஜக் அடித்து உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே எவரும் போகக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கை பிறேக்கை விடுங்கள். சில்லிலும் தண்டிலும் வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் சில்லைச் சரியாக 20 தடவை சுற்றட்டும். மற்றவர் பக்கத்தில் நின்று தண்டின் சுற்றுகளை எண்ணட்டும். மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால், உயர்த்திய சில்லின் 2 சுற்று கிறவுண் வீலின் 1 சுற்றுக்குச் சமம். ஆகவே எண்ணி வந்ததைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 41 வந்தால் 4.1, 39 வந்தால் 3.9. கால் மணித்தியாலம் போதும். எண்ண விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

நாலு சில்லு இழுவை வண்டியானால் பின் சில்லுகளுக்கு அணை வைத்து, முன் ஹப்பைப் பூட்டி, முன் அச்சையும் இதேபோல எண்ணுங்கள். இதைத் தவறவிட வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். ஒன்று 4.1 உம் மற்றது 4.5 உம் என்றால், பின் இழுவையில் மட்டும் ஓடும்போது எதுவும் தெரியாது. சேற்றில் நாலு சில்லையும் பூட்டும் அன்று இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பற்கள் உடையும் வரை விடாது.

நாலு சில்லு இழுவையை ஓட்டிச் சோதிக்க விரும்பினால் ஆட்கள் வழமையாகப் பாவிக்கும் கிறவல் பாதையில் மட்டும் செய்யுங்கள். நல்ல சேறு தேடிப் பாதையை விட்டுக் காணிக்குள் இறக்காதீர்கள். மிதிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத இடத்தில் ஒரு சில்லுகூடப் படக் கூடாது.

ரயரை மாற்றினால்

பெரிய ரயர் போட்டால் விகிதம் குறைந்ததுபோல ஆகும். 65 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயருக்குப் பதிலாக 70 சென்ரிமீற்றர் போட்டால் 4.1 வண்டி 3.8 வண்டிபோல இழுக்கும். வேகமானியும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். வண்டி உயரமாகத் தெரிகிறது என்று பெருமைப்படுவதற்கு முன் கதவோரத் தகட்டில் அல்லது கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இழுவை போதாத வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அச்சை மாற்றச் செலவழிக்க முன்னர், பழைய அளவு ரயரை மீண்டும் போட்டு, பாரத்தை இரண்டு நடையாகப் பிரித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக டிபரன்சல் ஒயில் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஒயில் பால் கலந்ததுபோல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் நின்ற வண்டிகளில் இது நடக்கலாம். விரலில் உலோகத் துகள் மினுங்கினால் பற்கள் தேய்கின்றன. அப்படியானால் திருத்தும் செலவைக் கேட்டறிந்து விலையில் கழிக்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.