வெர்டிகோ: சுழற்சியைக் குறிக்கும் சொல்

கோவையில் ‘ஸ்பின்னிங்’ என்றாலே நூற்பாலைதான் நினைவுக்கு வரும். மருத்துவச் சீட்டில் நீங்கள் காணும் ‘வெர்டிகோ’ என்ற சொல்லும் சுழற்சியையே குறிக்கிறது. திரும்புதல், சுழலுதல் எனப் பொருள்படும் ‘வெர்ட்டெரே’ என்னும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. ஓட்டுநர்கள் நாள்தோறும் கூறும் ‘ரிவர்ஸ்’ என்ற சொல்லுக்கும் அதுவே வேர். உயரத்தைக் கண்டு அஞ்சுவதை வெர்டிகோ என்று பலர் கருதுகின்றனர், அது வேறு. தாமோ சுற்றுப்புறமோ சுழல்வதாகத் தோன்றும் உணர்வே வெர்டிகோ. அது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அறிகுறி.

நம் வழக்கில் ‘மயக்கமாக வருகிறது’ என்ற ஒரே தொடர் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கிறது. அறை சுற்றுவதுபோல் தோன்றினால் அது தலைச்சுற்றல். பெரும்பாலும் உட்செவியோடு தொடர்புடையது. கண் இருண்டு விழப்போவதுபோல் இருந்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றை ஆராய வேண்டும். தலை தெளிவாக இருந்தும் நடை தடுமாறினால் நரம்பு, மூளை ஆகியவற்றின் நிலையைப் பார்க்க வேண்டும். எனவே, ‘மயக்கம்’ என்பதோடு நிறுத்தாமல், உணர்ந்ததை உணர்ந்தபடியே விவரியுங்கள்.

உட்செவியில் சமநிலையை உணர்த்தும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழல்களுக்குள் புகுந்தால், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடிகள் உலகமே சுழலும். இதற்குப் பெரும்பாலும் மாத்திரையைவிட, மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் செய்யும் ‘எப்லி’ முறையே பயன் தருகிறது. ‘பித்தம்’ என்று எண்ணி, கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வது நல்லதன்று.

உடனிருப்போர் குறித்துக்கொள்ள வேண்டியவை: சுற்றல் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, தலையைத் திருப்பும்போது வந்ததா, காதில் இரைச்சலோ கேட்கும் திறனில் குறைவோ உண்டா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் வலுவிழத்தல், நிற்கவே இயலாமை, திடீரெனக் கடுமையான தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அது தானே அடங்கட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.