சின்ன வேலை என்று ஒன்று உண்டா?
பட்டாளத்திலிருந்து பலசரக்குக் கடைக்கு ஒரு பாடம்



கடையில் புதிதாகச் சேரும் பையனைச் சாக்கு உதறச் சொன்னால் முகம் வாடிப் போகிறது. கல்லாவில் உட்காரச் சொன்னால் மலர்ந்து விடுகிறது. பையனை மட்டும் சொல்வானேன்? நாற்பது ஆண்டு பெட்டியடியில் இருந்த நமக்கும் அந்தக் குணம் இருந்தது. அது எப்படி உடைந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், நமக்கு எடுத்துக்காட்டாக இருக்கும் இரண்டு இராணுவ அதிகாரிகளைப் பார்ப்போம். கோட்டூர்புரத்தில் குடியிருக்கும் நமக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் நடக்கிற தூரம். ஓய்வு நாட்களில் இதையெல்லாம் படிக்க நேரம் வாய்த்தது.

போருக்குப் போய்ப் போரிடாதவர்

ஆற்காட்டைத் தம் பெயரிலேயே தாங்கியவர் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1950-ல் கொரியாவில் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை உதவி கேட்டபோது, சண்டையிடும் படையை அனுப்புவதில்லை, மருத்துவப் படையை அனுப்புவோம் என்று இந்தியா முடிவெடுத்தது. அப்படிப் போனதுதான் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் அதன் தலைவர். 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

வேறு நாட்டுச் சண்டை, வேறு நாட்டுத் தளபதிகளின் கீழ் வேலை. நாம் பிடிக்கப் போகும் ஊரும் இல்லை, ஏற்றப் போகும் கொடியும் இல்லை. பெருமை தேடுகிறவருக்கு இது சப்பென்ற வேலைதான்.

போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சீனப்படை முன்னேறி வந்தது. பியோங்யாங் நகரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு வாருங்கள் என்ற நிலை. கருவி இல்லாத மருத்துவப் படை, தராசு இல்லாத கடைக்குச் சமம். அவர்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் படையிலேயே இருந்தார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்கு முன் ஆற்றைக் கடந்து சரக்கு முழுவதையும் கொண்டு வந்து சேர்த்தார்கள். அன்று அந்தப் பிரிவைக் காப்பாற்றியது வாளி சுமந்த கைகள்.

பிறகு பிரிவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி போர்முனையில். மற்றொரு பகுதி தேகு நகர மருத்துவமனையில் பொதுமக்களுக்குச் சிகிச்சை. 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்னும் இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, ரங்கராஜும் தம் சிறு குழுவோடு கூடவே குதித்தார். இந்தப் பிரிவு கொரியாவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 2,300-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்து, 1954-ல் திரும்பியது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. 1955 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இந்தப் பிரிவுக்குத் தனிக் கோப்பை வழங்கினார்.

கதை அதோடு முடியவில்லை. பின்னாளில் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். அங்கே அம்மைச் சீழையே எடுத்து அடுத்தவருக்குக் குத்தும் பழைய வழக்கம் இருந்தது. அதனாலும் நோய் பரவியது. ஊர் ஊராகப் போய், கோஷா வீடுகளின் வாசலில் நின்று பேசித் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. மகாவீர் சக்கரம் பெற்றவர் செய்த வேலை இது. 1980-ல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. எந்தப் போர் வெற்றி இதற்கு ஈடாகும்?

தராசு முள்ளாய் நின்றவர்

இன்னொருவர் ஜெனரல் திம்மய்யா. 1948 நவம்பரில் சோஜிலா கணவாயில் டாங்கிகளை ஏற்றிக் காட்டியவர். அவரை 1953-ல் கொரியாவுக்கு அனுப்பினார்கள். தாய்நாடு திரும்ப மறுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் பிரச்சினையைத் தீர்க்கும் நடுநிலை ஆணையத்துக்குத் தலைவர் பதவி. இரு தரப்பும் குறை சொல்லும். எந்தத் தரப்பும் கைதட்டாது. கைதிகளைக் காவல் காத்தவை இந்தியப் படைகள். முள் எந்தப் பக்கமும் சாயாமல் அவர் நின்றார். பின்னர் தரைப்படைத் தலைமைத் தளபதியாகி ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை ஏற்று, 1965 டிசம்பரில் பணியில் இருக்கும்போதே அங்கு காலமானார்.

நமக்குக் கிடைத்த பாடம்

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்துக்குள் வந்ததை மறக்க முடியுமா? எங்கள் தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். படகோடு பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். துப்பாக்கி பிடிக்கும் கை, எண்பது வயதுப் பாட்டியைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தது. அதிகாரி போலிருந்தவர் தண்ணீரில் இறங்கிக் கயிறு பிடித்து இழுத்தார்.

தண்ணீர் வடிந்ததும் வியாபாரிகள் சேர்ந்து நிவாரணப் பொருள் கொடுப்பதென்று முடிவானது. மேடையில் நின்று கொடுக்கும் பொறுப்பு நம்மைவிட இளையவர் ஒருவருக்குப் போயிற்று. நமக்குக் குடோனில் பொட்டலம் போடும் வேலை. உள்ளுக்குள் குமைந்தோம். ஆனாலும் படகுக் கயிறு பிடித்த அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தோம்.

துவரம் பருப்பு, ஐம்பது கிலோ மூட்டை. கிலோ பொட்டலம் ஐம்பது வர வேண்டும். நாற்பத்தொன்பது வந்து, கடைசிப் பொட்டலம் பாதியில் நின்றது. கை தவறியிருக்கும் என்று அடுத்த மூட்டையைப் பிரித்தோம். அதிலும் அப்படியே. பத்து மூட்டை பிரித்ததில் ஏழில் குறைவு.

எத்தனையோ ஆண்டுகளாகச் சில்லறைக் கடைக்காரர்கள், "அண்ணாச்சி, மூட்டைக்கு அரைக் கிலோ குறையுதே" என்று சொல்லி வந்தார்கள். "உங்க தராசைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பியவர்கள் நாம். பெட்டியடியில் உட்கார்ந்திருந்த வரை அது நம் கண்ணில் படவில்லை. தரையில் உட்கார்ந்த அன்றுதான் பட்டது. அவர்கள் சிறு கடைக்காரர்கள். மூட்டைக்கு அரைக் கிலோ என்பது அவர்களுடைய அன்றைய லாபம். அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

மறு வாரம் முதல் வரும் மூட்டைகளைக் காட்டாவில் நிறுத்தியே இறக்கினோம். குறைவை மில்காரரிடம் கழித்துக்கொண்டு, கடைக்காரருக்கும் கழித்துக் கொடுத்தோம். நம்மை விட்டுப் போயிருந்த பழைய வாடிக்கையாளர்களை நேரில் போய்ப் பார்த்து, தவறு நம்முடையது என்று சொன்னோம். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் காப்பி கொடுத்து அனுப்பினார்கள், சரக்கு எடுக்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

மேடை கிடைத்திருந்தால் ஒரு மாலையும் ஒரு போட்டோவும் மிஞ்சியிருக்கும். பொட்டலம் போட்டதால் நம் வியாபாரத்தின் ஓட்டை தெரிந்தது.

செய்து பார்க்க

1. மாதத்தில் ஒரு நாள் முதலாளி தாமே மூட்டை பிரித்து, எடை போட்டு, பொட்டலம் கட்டட்டும்.

2. மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும் முன் ஆறு மாதம் குடோனிலும், ஆறு மாதம் வசூலிலும் விடுங்கள். சாக்கு உதறத் தெரிந்தவனுக்கே சரக்கு தெரியும்.

3. கடைப் பையனுக்குச் சின்ன வேலை கொடுக்கும்போது அது எதற்கு என்றும் சொல்லிக் கொடுங்கள். காரணம் தெரிந்தால் முகம் வாடாது.

4. வாடிக்கையாளர் சொல்லும் குறையை முதலில் நம் தராசில் நிறுத்துப் பாருங்கள். அவர் தராசைப் பிறகு சொல்லலாம்.

வாளி சுமந்தவர்கள் இரயிலை ஓட்டி வந்தார்கள். நாமும் கீழே உட்கார்ந்து பார்ப்போம்.